பிள்ளைகளோடு போட்ட வெயில் கணக்கு

(எங்கள் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு "மாணவர்களும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியும்". படிக்கும்போதே மூச்சு வாங்குது. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு மாடு, குழுவுல பிரதிநிதி, இதுதான் நான். எங்க ஊர் பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுல பெற்றோர் உறுப்பினரா இருக்கேன். அந்தக் கூட்டத்துலதான் தலைமை ஆசிரியை கேட்டாங்க: "எட்டாம் வகுப்புப் பசங்களுக்கு இந்தப் பாடத்தை நாங்க புத்தகத்துல நடத்திடறோம். நன்மை ரெண்டு, தீமை ரெண்டு எழுதி மார்க்கும் வாங்கிடுவாங்க. ஆனா ஊருக்குள்ள இது எப்படி நடக்குதுன்னு யாராவது கூட இருந்து காட்ட முடியுமா?" யாரும் வாயைத் திறக்கல. நான் வர்றேன்னு சொன்னேன். நாலு சனிக்கிழமை, இருபத்திரண்டு பசங்க. அறிவியல் ஆசிரியரும் கூட இருந்தாரு.

முதல்ல அந்தப் பெரிய வார்த்தையை உடைச்சோம். எடுக்க எடுக்கத் திரும்ப வர்றது புதுப்பிக்கத்தக்கது. வெயில், காத்து, ஓடுற தண்ணி, சாணி, விறகு எல்லாம் அதுல சேரும். நெய்வேலியில தோண்டுற பழுப்பு நிலக்கரி, பெட்ரோல், டீசல், அடுப்பு எரிக்கிற கேஸ் இதெல்லாம் எடுத்தா எடுத்ததுதான், நம்ம பேரப்பிள்ளை காலத்துக்கு மறுபடியும் விளையாது.

உடனே ஒரு பையன் எழுந்து, "அப்போ தீபம்?" அப்படின்னான். கார்த்திகை தீபத்தைத்தான் கேட்கிறான். 2,668 அடி உயரத்துல, பதினோரு நாள் எரியுதே, அது எந்த வகை? நான் யோசிக்கிறதுக்குள்ள பக்கத்துல இருந்த பொண்ணு பதில் சொல்லிட்டா. "நெய் மாட்டுல இருந்து வருது, மாடு புல்லு தின்னுது, புல்லு வெயில்ல வளருது. அதனால தீபமும் சூரிய சக்திதான்." அக்னித் தலத்துல பொறந்த புள்ளைங்க, சும்மாவா? ஆசிரியர் கை தட்டிட்டாரு.

அடுத்து யூனிட். நம்மில் பாதிப் பேருக்கு மீட்டர் கார்டுல எழுதுற எண்ணுதான் தெரியும், யூனிட்னா என்னன்னு கேட்டா சிரிப்போம். ஆயிரம் வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடினா ஒரு யூனிட். பத்து வாட் எல்.ஈ.டி. பல்பு நூறு மணி நேரம் எரிஞ்சாலும் அதே ஒரு யூனிட்தான். பசங்க வீட்டு வீடா மீட்டர் பார்த்து எழுதிட்டு வந்தாங்க. கிரைண்டர், மோட்டார், அயர்ன் பாக்ஸ், எது எவ்வளவு இழுக்குதுன்னு அவங்களுக்கு இப்போ என்னை விட நல்லாத் தெரியும்.

மொட்டை மாடியில சோலார் பேனல் போடறதைப் பத்தி இங்க நிறைய அக்காங்க என்கிட்ட கேட்டிருக்கீங்க. பசங்க போட்ட கணக்கையே சொல்றேன். ஒரு கிலோவாட் பேனலுக்குச் சுமார் நூறு சதுர அடி இடம் வேணும். நம்ம பக்கத்து வெயிலுக்கு வருஷம் முழுக்கச் சராசரியாப் பார்த்தா ஒரு நாளைக்கு நாலு யூனிட் கிட்ட வரும். 2024-ல மத்திய அரசு கொண்டு வந்த சூரிய வீடு திட்டத்துல ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், ரெண்டுக்கு 60,000, மூணும் அதுக்கு மேலயும் 78,000 ரூபாய் மானியம். கேட்க நல்லா இருக்கு. ஆனா முதல்ல முழுப் பணத்துக்கும் நாமதான் வழி பண்ணணும், மானியம் அப்புறம்தான் பேங்க் கணக்குக்கு வரும். சொந்தமா நல்ல தளம் இருக்கணும். ஓட்டு வீட்டுக்காரங்க, வாடகை வீட்டுக்காரங்க என்ன பண்றது?

இன்னொண்ணும் இருக்கு. வீட்டு மின்சாரம் ரெண்டு மாசத்துக்கு முதல் நூறு யூனிட் நமக்கு இலவசம். எங்க பசங்க மீட்டர் பார்த்த வீடுகள்ல பல வீட்டுல நூறையே தாண்டல. அந்த வீட்டுக்குப் பேனல் போட்டு எந்த பில்லைக் குறைக்கிறது? ஃபிரிட்ஜு, ஏ.சி., மோட்டார்னு நானூறு ஐந்நூறு யூனிட் ஓட்டுற வீட்டுக்கு அது லாபம். இதைப் பேனல் விக்க வர்றவங்க சொல்ல மாட்டாங்க, எட்டாம் வகுப்புப் பொண்ணு சொன்னா.

கரண்ட் போனா சோலார் வீட்டுல மட்டும் லைட் எரியும்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம் இல்லையா? பேட்டரி இல்லாம, மின்வாரியக் கம்பியோட நேரா இணைச்ச பேனலா இருந்தா, கம்பியில கரண்ட் போனதும் அதுவும் நின்னுடும். கம்பத்துல ஏறி வேலை செய்யற ஆளுக்கு நம்ம வீட்டுல இருந்து கரண்ட் பாயக் கூடாதுங்கறதுக்காக அப்படி வச்சிருக்காங்க. 2024 டிசம்பர்ல ஃபெஞ்சல் மழை கொட்டினது யாருக்கும் மறக்காது. மலையடிவாரத்துல மண்ணு சரிஞ்சு ஏழு உயிர் போச்சு. சாத்தனூர் அணையில இருந்து ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல தண்ணி திறந்து, தென்பெண்ணை ரெண்டு கரையும் அடிச்சுக்கிட்டுப் போச்சு. அந்த மாதிரி நாள்ல வெயிலை நம்பின பேனலும் ஓடாது. தண்ணியில எடுக்கிற கரண்ட் சுத்தமான கரண்ட்தான், சாத்தனூர்லயும் ஒரு சின்ன மின் நிலையம் இருக்கு. ஆனா தண்ணி திறந்தாத்தான் அது ஓடும். அணைன்னு ஒண்ணு இருந்தா கீழ இருக்கிற ஊருக்கு நல்லதும் அதுதான், பயமும் அதுதான்னு தென்பெண்ணை ஓரத்துல மாமன் வீடு இருக்கிற ஒரு பையன் சொன்னான். அவன் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லல.

காத்தாடியைப் பத்தி அதிகம் பேச எனக்கு ஒண்ணும் இல்ல, நம்ம மாவட்டத்துக்கு அது ஒத்து வராது. கன்னியாகுமரி பக்கம் முப்பந்தல்ல, ஆரல்வாய்மொழி கணவாய் வழியா வர்ற காத்துல ஆயிரக்கணக்குல சுத்துது. தமிழ்நாட்டுல காத்தாலை மட்டும் பத்தாயிரம் மெகாவாட்டுக்கு மேல இருக்கு. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரைக்கும்தான் அதுக்கு சீசன். ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும், தை மாசத்துல காத்தாடி ஓய்ஞ்சு நிக்கும். ஆனா அது அடியில பயிர் வைக்கலாம், மாடு மேய்க்கலாம். ராமநாதபுரம் கமுதியில 2016-ல வந்த 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் சுமார் 2,500 ஏக்கரைப் பிடிச்சுக்கிட்டிருக்கு. தூசி படிஞ்சா கரண்ட் குறையும்னு அங்க பேனலைத் துடைக்க இயந்திரமே வச்சிருக்காங்க. நம்ம வீட்டுல துடைக்கிறது யாருன்னு நான் சொல்லத் தேவையில்ல.

சாணி எரிவாயுவுக்கு வருவோம், இது நம்ம சப்ஜெக்ட். எங்க தெருவுல ஒரு வீட்டுல பழைய கோபர் கேஸ் தொட்டி கிடக்கு. இப்போ அதுல உமி மூட்டை அடுக்கி வச்சிருக்காங்க. பசங்களை அங்க கூட்டிட்டுப் போய் அந்த வீட்டுப் பாட்டியைப் பேச வச்சேன். ரெண்டு கன மீட்டர் கலனுக்குத் தினம் ஐம்பது கிலோ சாணி வேணும், அதே அளவு தண்ணி வேணும். மாடு ஒண்ணுக்குப் பத்து கிலோ வச்சாலும் அஞ்சு மாடு. அடுப்பு நல்லாத்தான் எரிஞ்சுது, புகை இல்ல, பாத்திரம் கரி பிடிக்கல, கழிவு வயலுக்கு எருவாப் போச்சுன்னு பாட்டி சொன்னாங்க. "அப்புறம் ஏன் பாட்டி விட்டுட்டீங்க?"ன்னு ஒருத்தி கேட்டா. "மாடு அஞ்சுல இருந்து ரெண்டாச்சு. சாணி கரைச்ச கையும் நானு ஒருத்திதான். என் இடுப்பு போச்சு, கேஸும் போச்சு" அப்படின்னாங்க. எரிபொருள் சும்மா கிடைக்குது, அதை எரிபொருளா மாத்துற வேலைக்குக் கூலி யாரும் போடறதில்ல. பசங்க நோட்டுல "தீமை" அப்படிங்கற பக்கத்துல ஒரு பொண்ணு "பாட்டியின் இடுப்பு" அப்படின்னு எழுதியிருந்தா. ஆசிரியர் அதை அடிக்கல, டிக் போட்டாரு.

சோலார் மோட்டாருக்கும் இதே மாதிரி ரெண்டு பக்கம் இருக்கு. ராத்திரி பன்னண்டு மணிக்கு மும்முனைக் கரண்ட் வருதுன்னு டார்ச் எடுத்துக்கிட்டு வீட்டுக்காரர் கொல்லிக்குப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் நமக்குத் தூக்கம் வராது. பாம்பு பயம். பகல்லயே வெயில்ல மோட்டார் ஓடினா அந்தக் கவலை இல்ல. ஆனா வெயிலுக்குக் காசு இல்லங்கறதால பகல் பூரா இறைச்சுக்கிட்டே இருந்தா கிணறு என்ன ஆகும்? விவசாயத்துக்கு இலவச மின்சாரம் 1990-ல இருந்து வருது, அதுலயே நம்ம கிணறுங்க எவ்வளவு ஆழத்துக்கு இறங்கிடுச்சுன்னு பெரியவங்களைக் கேட்டா தெரியும். சூரியன் நாளைக்கும் வரும், நிலத்தடித் தண்ணி அப்படி வராது.

இப்போ நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

எங்க குழுவுல ஒரு அக்கா இஸ்திரி வண்டி வச்சிருக்காங்க. பேர் வேண்டாம், அவங்களே அங்க உட்கார்ந்திருக்காங்க, சிரிக்கிறாங்க. பதினெட்டு வருஷமா கரிப்பெட்டி. ராத்திரியில இருமல். டாக்டர் புகையை விடுங்கன்னு சொல்லிட்டாரு. விட்டா சாப்பாடு?

நம்ம திருவண்ணாமலைப் பொண்ணு வினிஷா உமாசங்கர் பேரைக் கேள்விப்பட்டிருப்பீங்க. தெருவுல இஸ்திரி போடறவங்க எரிச்ச கரியை ரோட்டோரம் கொட்டறதைப் பார்த்து, பன்னண்டு வயசுல சூரிய சக்தியில ஓடுற இஸ்திரி வண்டிக்கு யோசனை பண்ணினா. அதுக்கு 2020-ல சுவீடன் நாட்டுல குழந்தைகளுக்கான பருவநிலைப் பரிசு கிடைச்சுது. 2021-ல இங்கிலாந்து இளவரசர் வில்லியம் தொடங்கின எர்த்ஷாட் பரிசுக்கு உலகம் முழுக்க இருந்து தேர்ந்தெடுத்த பதினஞ்சு இறுதிப் போட்டியாளர்ல அவளும் ஒருத்தி. அந்த நவம்பர்ல கிளாஸ்கோவுல நடந்த பருவநிலை மாநாட்டு மேடையில உலகத் தலைவர்களுக்கு முன்னாடி பேசினா. அஞ்சு மணி நேர வெயில்ல ஆறு மணி நேரம் தேய்க்கலாம், சும்மா இருக்கிற நேரத்துல செல்போன் சார்ஜ் போட்டுக் கொடுத்துக் காசு பார்க்கலாம் அப்படிங்கறது அந்த வண்டியோட கணக்கு. இந்த ஊர்ப் பொண்ணு, இந்த ஊர் வெயில். அதனால மூணாவது சனிக்கிழமை பசங்களை அக்கா வண்டிக்கிட்டயே கூட்டிட்டுப் போயிட்டேன்.

பசங்க தராசு வச்சுக் கரியை எடை போட்டாங்க. பத்திரிகையில ஒரு வண்டிக்குத் தினம் அஞ்சு கிலோன்னு எழுதறாங்க, எங்க அக்காவுக்கு மூணு கிலோ ஆச்சு. கிலோ நாப்பது ரூபாய்னா ஒரு நாளைக்கு 120. மாசம் இருபத்தஞ்சு நாள் வேலைன்னா 3,000. வருஷத்துக்கு 36,000 ரூபாய் புகையாப் போகுது. அக்காவே அதைக் கேட்டு வாயில கை வச்சுட்டாங்க. அந்தக் கரியும் சீமைக் கருவேலத்தை வெட்டிச் சுட்டதுதான், திரும்பவும் முளைக்கிற மரம். அப்போ கரியும் புதுப்பிக்கத்தக்கது! ஆனா நெஞ்சுக்கு ஆகாது. திரும்ப முளைக்கிறது வேற, சுத்தமா எரியறது வேற. இந்த ரெண்டும் ஒண்ணு இல்லன்னு அந்த வண்டிக்கிட்ட நின்னப்பதான் பசங்களுக்கு விளங்குச்சு.

அப்புறம் சோலார் கணக்கு. கடையில கிடைக்கிற ஆயிரம் வாட் பெட்டி சூடு ஏறினதும் தானே நின்னு நின்னு எரியும், பாதி நேரம்தான் கரண்ட் இழுக்கும். ஆறு மணி நேரத்துக்கு மூணு யூனிட்னு வச்சோம். ஐந்நூறு வாட் பேனல் ஒண்ணு வண்டிக் கூரைக்குச் சரியா இருக்கும், அது நல்ல வெயில்ல ரெண்டு யூனிட் கொடுக்கும். அப்போ நாலு மணி நேரம் தேய்க்கலாம். பேனல், பேட்டரி, இன்வெர்ட்டர், கூரைக்குக் கம்பி வேலை எல்லாம் சேர்த்து ஐம்பதாயிரம் கிட்ட ஆகும்னு டவுன்ல விசாரிச்சோம். கரிச் செலவைப் பார்த்தா ஒன்றரை, ரெண்டு வருஷத்துல எடுத்துடலாம். பேட்டரியை நாலஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தணும், பழசைக் குப்பையில போடக் கூடாது, உள்ள ஈயமும் அமிலமும் இருக்கு, கடையிலயே திருப்பிக் கொடுக்கணும். எல்லாம் சரியாத்தான் வந்துது. எனக்கே சந்தோஷம்.

அப்போ பின்னாடி நின்ன ஒரு சின்னப் பொண்ணு, எப்பவும் பேசாத புள்ள, மேல பார்த்துக்கிட்டே கேட்டா: "ஆன்ட்டி, வண்டி புங்கமரத்தடியில இல்ல நிக்குது?"

எல்லாரும் நிமிர்ந்து பார்த்தோம். பதினெட்டு வருஷமா அந்த மர நிழல்லதான் அக்கா நிக்கிறாங்க. சித்திரை வெயில்ல, கையில சூடான பெட்டியோட, வேற எங்க நிக்கிறது? துணி கொடுக்க வர்றவங்களும் அந்த மரத்தடியைத் தேடித்தான் வருவாங்க. பேனலுக்கு வெயில் வேணும், அக்காவுக்கு நிழல் வேணும். அறிவியல் ஆசிரியர் அன்னைக்குச் சின்னப் பேனல் ஒண்ணும் பொம்மை ஃபேனும் கொண்டு வந்திருந்தாரு. வெயில்ல வச்சா கிர்ருன்னு சுத்துது. ஒரு ஓரத்துல உள்ளங்கையை வச்சு மறைச்சாரு, அவ்வளவுதான், மொத்த ஃபேனும் நின்னுடுச்சு. கால் பங்கு நிழல் விழுந்தா கால் பங்கு கரண்ட்தான் குறையும்னு நாம நினைப்போம், அப்படி இல்ல. உள்ள இருக்கிற சில்லுங்க எல்லாம் வரிசையாக் கோர்த்தது, ஒண்ணு படுத்தா மத்ததையும் இழுத்துடும்.

பேனலையே நிழலாக்கிக்கலாம், வண்டியை மைதானத்து ஓரம் கொண்டு போகலாம்னு ஒரு பையன் சொன்னான். பேனலை வீட்டு மேல வச்சுப் பேட்டரியை மட்டும் வண்டியில ஏத்தலாம்னு இன்னொருத்தன். "பேட்டரி ஐம்பது கிலோ, நீ வந்து தூக்கறியா?"ன்னு அக்கா கேட்டாங்க. ஐப்பசி, கார்த்திகையில பத்து நாள் மூடம் போட்டா என்ன பண்றதுன்னு ஒருத்தி கேட்டா. அதுதான் எங்க குழுவுக்குப் பெரிய கேள்வி. மேகம் போட்டா சூரியன் லீவு எடுத்துக்கும், கடன் தவணை லீவு எடுக்காது. பன்னண்டு பேர் சேமிப்புப் பணம் அது.

அந்த வாரம் குழுக் கூட்டத்துல ரெண்டு மணி நேரம் பேசினோம். சோலார் வண்டிக்கு ஐம்பதாயிரம் கொடுக்கணும்னு நாலு பேர், வேண்டவே வேண்டாம்னு மூணு பேர், மத்தவங்க அக்கா முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. கடைசியில அக்காவே சொன்னாங்க: "எனக்கு இப்போ இருமல் நிக்கணும். மத்ததை அப்புறம் பார்ப்போம்." உள்கடன்ல பத்தாயிரம் எடுத்து, கேஸ்ல சூடாகற இஸ்திரிப் பெட்டியும் சின்ன சிலிண்டரும் வாங்கினாங்க. நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி, பத்து மாசத் தவணை. மரத்தடியை விட்டு நகரத் தேவையில்ல. இப்போ ராத்திரியில தூங்கறாங்க.

நாலாவது சனிக்கிழமை இதைப் பசங்ககிட்ட சொன்னதும் சண்டைக்கே வந்துட்டாங்க. "கேஸ் புதுப்பிக்கத்தக்கது இல்லையே ஆன்ட்டி! நாலு வாரமா என்ன சொல்லிக் கொடுத்தீங்க?" நியாயமான கேள்வி. நான் சொன்னேன்: ஆமா, இல்லதான். நல்லது கெட்டதுன்னு ரெண்டு பக்கம் எழுதறோமே, அது யாருக்கு நல்லது, எத்தனை நாளைக்கு நல்லதுன்னும் பக்கத்துல எழுதுங்க. இன்னைக்கு அக்கா நெஞ்சுக்கு கேஸ் நல்லது. இருபது வருஷக் கணக்குல பார்த்தா வெயில் நல்லது. ரெண்டையும் எழுதினா மார்க் குறையாது. அந்த சின்னப் பொண்ணு மட்டும் விடல. "அப்போ சோலார் வண்டியை யார்தான் முதல்ல ஓட்டிப் பார்க்கறது?" அப்படின்னு கேட்டா. கிளாஸ்கோ வரைக்கும் போன யோசனை எங்க தெருவுக்கு வர்றதுக்கு ஒரு ஆள் துணியணும் இல்லையா. ஆனா அந்தத் துணிச்சலோட செலவை இருமிக்கிட்டு இருக்கிற ஒரு ஏழைப் பொம்பளை தலையில வைக்கறது சரியில்லங்கறது என் எண்ணம்.

அதனால எங்க குழு தீர்மானப் புத்தகத்துல எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொண்டு வந்திருக்கோம். கூட்டமைப்புகிட்ட பந்தல் சாமான், பாத்திரம் எல்லாம் வாடகைக்கு இருக்கு. அதே மாதிரி கூட்டமைப்பு நிதியில ஒரு சோலார் இஸ்திரி வண்டி வாங்கணும். நம்ம ஊராட்சியில கரிப்பெட்டி போடற உறுப்பினர்கள் நாலு பேர் இருக்காங்க. ஆளுக்கு மூணு மாசம், முறை வச்சு ஓட்டலாம். ஐப்பசி, கார்த்திகை மழையையும் சேர்த்து ஒரு வருஷம் ஓட்டிப் பார்த்தாத்தான் உண்மை தெரியும். தினம் எத்தனை மணி நேரம் ஓடுச்சு, எத்தனை துணி, எவ்வளவு காசு, எந்த நாள் ஓடல, எல்லாத்தையும் கணக்கு எழுதணும். எழுதறதுக்குப் பசங்க தயாரா இருக்காங்க. நோட்டுக்கு அட்டை கூடப் போட்டு வச்சிருக்காங்க. அடுத்த மாசக் கூட்டத்துல இதைப் பொருளா எடுத்துக்கணும்னு தலைவி அவர்களைக் கேட்டுக்கறேன்.